பத்மினியில் எம்பிஎஃப்ஐ இன்ஜின்: வீட்டிலேயே மாற்ற முடியுமா?

கேள்வி இதுதான்: 1986 மாடல் பிரீமியர் பத்மினி, பாடி நன்றாக இருக்கிறது, இன்ஜின் புகை தள்ளுகிறது. பெங்களூரு கம்மனஹள்ளியில் வீட்டு போர்ட்டிகோவிலேயே வைத்து ஒரு எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்படி இன்ஜெக்டர்கள் பெட்ரோல் தெளிக்கும்) இன்ஜினை ஏற்றிவிட முடியுமா? மாருதி ஈகோ இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிவிடலாமா?

முடியும். ஆனால் ஈகோ இன்ஜினுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். இந்த வேலையில் இறங்குகிற பலரும் முதலில் இன்ஜினைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கியர்பாக்ஸை. இன்ஜின் என்பது சில மவுன்ட்டுகளில் உட்காரும் ஒரு பொருள். கொஞ்சம் இரும்பு வெட்டி ஒட்டினால் எங்கேயும் உட்கார்ந்துவிடும். கியர்பாக்ஸ் அப்படியில்லை. அதன் நீளம் டனலை (தரையின் நடுவே ஓடும் மேடு) தீர்மானிக்கிறது, கியர் லிவர் எங்கே வெளியே வருகிறது என்பது உங்கள் சீட்டைத் தீர்மானிக்கிறது, பின்பக்க ஃபிளேஞ்ச் (போல்ட் மாட்டும் வட்ட முகம்) ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை (பின் ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டு) தீர்மானிக்கிறது, ஸ்பீடோ எடுக்கும் இடம் உங்கள் மீட்டரைத் தீர்மானிக்கிறது. அதனால் பொருத்தமான கியர்பாக்ஸைத் தேடுங்கள். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்ஜின் எதுவோ அதுதான் உங்கள் இன்ஜின்.

ஸ்விஃப்ட் இன்ஜின், ஐ10 இன்ஜின் என்று யோசனை சொல்ல நிறையப் பேர் வருவார்கள். அவையெல்லாம் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டுபவை. கியர்பாக்ஸுக்குள்ளேயே டிஃப்ரன்ஷியல் இருக்கும். பத்மினிக்கு வேண்டியது நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டும் செட். வீட்டில் செய்யக்கூடிய அளவில் நம் ஊரில் அதற்கு மூன்றே வழிகள்தான் உருப்படியானவை.

முதலாவது பிரீமியர் 118என்இ-யின் நிஸான் ஏ12 இன்ஜின். 1171 சிசி, 52 குதிரைத்திறன், கார்புரேட்டர், தரையில் கியர் லிவர். இசியு (இன்ஜினின் கம்ப்யூட்டர்) கிடையாது, ஒயரிங் தலைவலி கிடையாது. ஆனால் 1985-இல் வந்த காரின் இன்ஜினை மாடர்ன் என்று சொல்ல முடியாது. நல்ல நிலையில் கிடைப்பதும் அரிது. இரண்டாவது ஈகோவின் ஜி12பி. 1196 சிசி, 73 குதிரைத்திறன், ஐந்து கியர், ஸ்பேர்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால் ஈகோவில் இன்ஜின் முன்சீட்டுக்குக் கீழே சாய்ந்து படுத்திருக்கிறது. சம்ப்பும் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் உறிஞ்சும் குழாயும் அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. நிமிர்த்தி வைத்தால் வளைவில் ஆயில் பிரஷர் விழும். சாய்த்தே வைத்தால் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் பத்மினியின் பக்கச் சுவரை முட்டும். டிரைவர் கியர்பாக்ஸுக்கு முன்னால் உட்காரும் வண்டி என்பதால் லிவரிலிருந்து பின்னால் போகும் இணைப்பையும் நீங்களே புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். மலிவு என்பது வாங்கும்போது மட்டும்தான்.

மூன்றாவது மாருதி ஜிப்ஸி கிங்கின் ஜி13பிபி. 1298 சிசி, 16 வால்வு, 80 குதிரைத்திறன், சுமார் 103 நியூட்டன் மீட்டர் டார்க். நேராக நிமிர்ந்து உட்காரும் அலுமினிய பிளாக். ஜிப்ஸியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) கியர்பாக்ஸோடு ஒட்டியில்லாமல் தனியாக, ஒரு குட்டி ஷாஃப்ட் வைத்து இணைக்கப்பட்டது. அந்த டிரான்ஸ்ஃபர் கேஸை விட்டுவிட்டால் கையில் மிஞ்சுவது சாதாரணப் பின்சக்கர ஓட்டத்துக்கான ஐந்து கியர் பாக்ஸ், லிவர் அதன் மேலேயே. என் தேர்வு இதுதான், கீழே எல்லாவற்றையும் இதை வைத்தே சொல்கிறேன். ஒரு குறை: ஜிப்ஸியில் ஸ்பீடோ கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்துதான் வருகிறது. அதைக் கழற்றிவிட்டால் ஸ்பீடோவும் போய்விடும். ஜிபிஎஸ் ஸ்பீடோமீட்டர் போடலாம், அல்லது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஃபிளேஞ்ச் போல்ட்டுகளை எண்ணும் ஹால் சென்சார் (காந்த சென்சார்) ஒன்று வைக்கலாம்.

எதை வாங்கினாலும் சரி, வாங்குவதற்கு முன் டேப்போடு போய் நான்கு அளவு எடுங்கள். பெல் ஹவுசிங் (இன்ஜினோடு சேரும் கியர்பாக்ஸின் முன்கூடு) முகத்திலிருந்து லிவர் மையம் வரை. பெல் ஹவுசிங் முகத்திலிருந்து பின் ஃபிளேஞ்ச் வரை. கிராங்க் புல்லியிலிருந்து பெல் ஹவுசிங் வரை. கிராங்க் மையத்திலிருந்து சம்ப்பின் ஆழமான இடம் வரை, அந்த ஆழம் முன்னாலா பின்னாலா என்பதோடு. இதே அளவுகளைப் பத்மினியில் ஃபயர்வாலை (இன்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவேயுள்ள தகடு) ஆதாரமாக வைத்து எடுத்து ஒரு அட்டையில் முழு அளவில் வரைந்து பாருங்கள். சம்ப் கிராஸ் மெம்பரில் (முன்பக்கக் குறுக்குச் சட்டம்) முட்டுகிறதா, லிவர் முன் பெஞ்ச் சீட்டுக்குள் புகுந்துவிடுகிறதா, ஹெட்டின் பின்பக்கத்துக்கும் ஃபயர்வாலுக்கும் 25 மிமீயாவது மிஞ்சுகிறதா என்பதெல்லாம் அந்த அட்டையிலேயே தெரிந்துவிடும். சம்ப் முட்டினால் சம்ப்பை வெட்டி மாற்றுங்கள், ஆயில் பிக்கப்பையும் சேர்த்து. கிராஸ் மெம்பரை வெட்டக் கூடாது. பத்மினிக்குத் தனி சேஸி கிடையாது. முன் சஸ்பென்ஷன் சுமை அந்தக் கிராஸ் மெம்பர் வழியாகத்தான் பாடிக்குப் போகிறது.

அடுத்து, ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பேப்பர். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே சொன்னது. இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதி வேண்டும், மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்சியில் புது இன்ஜின் நம்பரைப் பதிய வேண்டும். அதே மேக், அதே வகை இன்ஜின் என்றால் இது பெரும்பாலும் சடங்கு. பத்மினியில் சுஸுகி இன்ஜின் என்றால் அதிகாரி மறுக்க முழு உரிமை உண்டு, மறுப்பதே வழக்கம். அனுமதியில்லாமல் மாற்றி ஓட்டினால் பிரிவு 182ஏ(4): ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை நிராகரிக்க அதைவிட நல்ல காரணம் வேறு வேண்டாம். ஆகவே எழுத்தில் விண்ணப்பியுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இந்த வண்டி தனியார் இடத்தில் ஓட்டுவதற்கு மட்டும்தான் என்று முடிவு செய்துகொண்டு தொடருங்கள், அல்லது பழைய 1089 சிசி இன்ஜினையே போரிங் செய்துகொள்ளுங்கள். ஏ12-க்கு ஒரு சிறு சாதகம் உண்டு: அது அதே பிரீமியர் கம்பெனி தன் காரில் போட்ட இன்ஜின் என்று வாதம் வைக்கலாம். பலன் தரும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

உங்கள் வண்டி 50 வயதை நெருங்குகிறது என்றால் இன்னொன்றும் யோசியுங்கள். 2021-இல் வந்த வின்டேஜ் பதிவு விதி, இன்ஜினிலோ பாடியிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்குப் பொருந்தாது. 1986 மாடலுக்கு அது 2036-இல்தான் வரும். அதுவரை பழைய இன்ஜினைத் துடைத்து, சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, மூடி வைத்திருந்தால் திரும்பிப் போக வழியிருக்கும். விற்றுவிடாதீர்கள்.

இன்ஜினை சிவாஜிநகர் குஜிரியில் (பழைய பாகச் சந்தை) வாங்கினாலும் சரி, ஏலத்தில் வந்த ராணுவ ஜிப்ஸியை முழுசாக வாங்கினாலும் சரி, பில்லும் பழைய வண்டியின் ஆர்சி ரத்தான சான்றும் இல்லாத இன்ஜினைத் தொடாதீர்கள். முழு வண்டியாக வாங்குவதுதான் நல்லது. ஒயரிங், இசியு, பெடல், கிளட்ச் கேபிள், ரேடியேட்டர் பைப், இன்ஜின் மவுன்ட் ரப்பர், எக்ஸாஸ்ட்டின் முன்துண்டு என்று ஒவ்வொன்றாக ஜே.சி. ரோட்டில் தேடி வாங்கினால் இன்ஜின் விலையையே தாண்டிவிடும்.

கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கும்போது ஓர் உள்ளூர் விஷயம். ஜி13-க்குப் புத்தகக் கணக்கு சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ, குறைந்தபட்சம் 12, சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 1 கிலோவுக்குள். இது கடல் மட்டத்துக் கணக்கு. பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் ஏறக்குறைய பத்து விழுக்காடு குறைவு. இங்கே 12.5 காட்டினால் அது நல்ல இன்ஜின்தான். விற்பவர் 14.5 என்று காட்டினால் சந்தேகப்படுங்கள். சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றியிருக்கலாம். எண்ணைவிட நான்கும் ஒன்றுபோல் இருப்பதுதான் முக்கியம். வெளியே கிடக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், பின் கிராங்க் சீல், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். உள்ளே போன பிறகு பின் சீல் ஒழுகினால் மொத்தத்தையும் மறுபடி இறக்க வேண்டும்.

வீட்டில் தூக்குவது பற்றி: போர்ட்டிகோ கூரையில் ஊஞ்சலுக்கு விட்ட கொக்கியில் செயின் பிளாக் தொங்கவிடுவது இங்கே சகஜம். செய்யாதீர்கள். ஊஞ்சல் சுமை வேறு, இழுத்துக் குலுக்கும் இன்ஜின் சுமை வேறு. கொக்கி எந்தக் கம்பியில் கட்டியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. மடக்கும் இன்ஜின் கிரேன், 1 டன்னோ 2 டன்னோ, வாடகைக்குக் கிடைக்கும். வண்டி 3 டன் ஆக்சில் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கியில் அல்ல, செங்கல்லில் நிச்சயமாக அல்ல. வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வையுங்கள், பேட்டரியையும் இசியுவையும் பிரித்துவிடுங்கள், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

மவுன்ட் செய்வதற்கு இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே தொங்கவிட்டு இடம் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்து மவுன்ட் ஒட்டியவர்கள் பிறகு கியர்பாக்ஸ் ஏறாமல் வெட்டி எடுத்திருக்கிறார்கள். 5 மிமீ மைல்ட் ஸ்டீல் பிளேட்டில் பிராக்கெட், நடுவே முக்கோண ரிப், மேலே ஜிப்ஸியின் சொந்த ரப்பர். பாடியின் தகட்டில் நேராக ஒட்டாமல், அடியில் ஒரு கையகல 3 மிமீ பிளேட் வைத்துச் சுமையைப் பரப்புங்கள். முதலில் டேக் (ஆங்காங்கே சிறு பொட்டு வெல்டிங்) மட்டும் அடியுங்கள். லிவர், ஸ்டியரிங், எக்ஸாஸ்ட், பானெட் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்து, இன்ஜினை வெளியே எடுத்த பிறகே முழு வெல்டிங். ரப்பர் இருக்கும்போது வெல்டிங் செய்தால் ரப்பர் உள்ளுக்குள் கருகிவிடும், வெளியே தெரியாது, மூன்றே மாதத்தில் பிளந்துகொள்ளும்.

இந்த வேலையில் அதிகம் கெடுவது கோணம். கியர்பாக்ஸின் பின் ஃபிளேஞ்சும் ஆக்சிலின் பினியன் ஃபிளேஞ்சும் (ஷாஃப்ட் வந்து மாட்டும் முகம்) பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். டிஜிட்டல் ஆங்கிள் மீட்டர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கட்டும், முன்சீட்டில் இரண்டு பேர் உட்காரட்டும், டேங்க் பாதி இருக்கட்டும். மீட்டரைக் கியர்பாக்ஸ் ஃபிளேஞ்சின் முகத்தில் வைத்து ஒரு எண், பினியன் ஃபிளேஞ்ச் முகத்தில் வைத்து ஒரு எண், ஷாஃப்ட் டியூபின் மேல் ஒரு எண். முதல் இரண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஷாஃப்ட்டுக்கும் ஃபிளேஞ்சுக்கும் இடையே ஒவ்வொரு கிராஸிலும் (ஷாஃப்ட் முனையில் மடங்கும் இணைப்பு) 1 முதல் 3 டிகிரி. பூஜ்யமாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். நல்லதல்ல, கிராஸின் ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் அடிவாங்கிக் குழி விழும். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து இந்த அளவை எடுத்தால் ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும், எடுத்த எண் எதற்கும் உதவாது. வித்தியாசம் கூடினால் கியர்பாக்ஸ் மவுன்ட்டில் ஷிம் வைக்கலாம், அல்லது பின் பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துப் பினியனைத் திருப்பலாம்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் உங்கள் வீட்டில் செய்யும் வேலையல்ல. சுஸுகி ஃபிளேஞ்சின் போல்ட் வட்டம் ஒன்று, ஃபியட் பினியன் ஃபிளேஞ்சின் வட்டம் வேறு. முன்பக்கம் சுஸுகி யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை), பின்பக்கம் ஃபியட் யோக் வைத்து நடுவில் புது டியூப் போடுவது முதல் வழி. 12 மிமீ இஎன்8 இரும்பில் ஒரு அடாப்டர் வட்டு கடைந்து மாட்டுவது இரண்டாவது. வட்டு என்றால் நடுவில் ஸ்பிகாட் எனப்படும் விளிம்பு கட்டாயம். மையம் பிசகு 0.05 மிமீக்குள். போல்ட்டுகளை நம்பி மையம் பிடிக்கும் வட்டு 60 கிலோமீட்டர் வேகத்திலேயே தரையை உதறும். பீன்யா பக்கம் லேத்காரரிடம் வரைபடத்தோடு போங்கள், பழைய இரண்டு ஃபிளேஞ்சுகளையும் கையோடு கொண்டு போங்கள். வாயால் அளவு சொன்னால் வாயளவுக்குத்தான் வரும். ஷாஃப்ட் நீளம் அளக்கும்போதும் வண்டி சக்கரத்தில் சுமையோடு நிற்க வேண்டும், ஸ்லைடிங் யோக் முழுவதும் உள்ளே போவதற்கு 25 மிமீ மிச்சம் வைக்க வேண்டும். இரண்டு யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்கும்படி வெல்டிங் செய்து, கடைசியில் பேலன்ஸிங். பேலன்ஸிங் மெஷின் இல்லாத பட்டறையில் ஷாஃப்ட் செய்யவே வேண்டாம்.

ஆக்சில் ரேஷியோ தெரியாவிட்டால் இப்படிப் பாருங்கள்: ஒரு பின்சக்கரம் தரையில், மற்றொன்று தூக்கிய நிலையில். தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், பினியன் ஃபிளேஞ்ச் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள், அதுதான் ரேஷியோ. 4.3 என்று வந்தால், 1.85 மீட்டர் சுற்றளவு டயருக்கு நான்காவது கியரில் ஆயிரம் ஆர்பிஎம்முக்கு சுமார் 26 கிலோமீட்டர், ஜிப்ஸியின் ஐந்தாவது (ஏறக்குறைய 0.8) கியரில் 32 கிலோமீட்டர். ஓசூர் ரோட்டில் 80-இல் போகும்போது இன்ஜின் 2,500-இல் சுற்றும். பழைய நாலு கியரில் அதே வேகத்துக்கு 3,100. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து குறைத்ததால் இந்த கியர்கள் அங்கே குட்டையாக இருந்தன. பத்மினியில் அவை சரியான நீளத்துக்கு வந்துவிடுகின்றன. அதனால் ஆக்சிலைத் தொட வேண்டியதில்லை. ஆனால் அதன் அரை ஷாஃப்ட்டுகள் 40 குதிரைத்திறனுக்குச் செய்தவை. கிளட்சைச் சட்டென்று விட்டு ஜம்பம் காட்டினால் முதலில் பட்டை ஸ்பிரிங் முறுக்கும், பிறகு அரை ஷாஃப்ட் போகும்.

இனி ஒயரிங். இன்ஜின் ஏறி உட்கார்ந்ததும் முக்கால்வாசி முடிந்தது என்று நினைத்து உற்சாகமாகப் படம் எடுத்துப் போடுவார்கள். வண்டி அங்கேயே ஒரு வருடம் நிற்கும். காரணம் இதுதான். ஜிப்ஸி ஹார்னஸை (ஒயர்களின் மொத்தக் கட்டு) வெட்டாமல் முழுதாக, இசியு, மெயின் ரிலே, ஃப்யூல் பம்ப் ரிலே, டயக்னாஸ்டிக் கனெக்டர், சாவி எல்லாவற்றோடும் எடுங்கள். இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) உள்ள செட் என்றால் சாவியும் அதன் பெட்டியும் இசியுவும் ஒரே குடும்பம். ஒன்று குறைந்தாலும் ஸ்டார்ட் ஆகி ஓரிரு விநாடியில் நின்றுவிடும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. ஹார்னஸை ஒரு பிளைவுட் பலகையில் விரித்து, ஒவ்வொரு கனெக்டர் வாயிலும் பேப்பர் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். ஹெட்லைட், வைப்பர், இண்டிகேட்டர் ஒயர்களை ஒவ்வொன்றாக, இசியு முனை வரை பின்தொடர்ந்து, சம்பந்தமில்லை என்று மல்டிமீட்டரில் உறுதி செய்த பிறகே உருவுங்கள். மிஞ்சுவதற்கு வண்டியிலிருந்து தேவைப்படுவது கொஞ்சம்தான்: பேட்டரியிலிருந்து நேராக ஒரு நிரந்தர பிளஸ், சாவி திறந்ததும் வரும் பிளஸ் (ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் அது விழக் கூடாது), ஸ்டார்ட்டர் சிக்னல், செக் இன்ஜின் விளக்கு, நல்ல எர்த்.

பத்மினியின் பழைய இக்னிஷன் சுவிட்ச் இங்கே காலை வாரும். பலவற்றில் ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது இக்னிஷன் முனையில் வோல்டேஜ் சரிந்துவிடும். கார்புரேட்டர் இன்ஜின் அதைப் பொறுத்துக்கொண்டது. இசியு ரீசெட் ஆகிவிடும், ஸ்டார்ட்டர் சுற்றும், தீ பிடிக்காது. அந்த முனையை ஒரு ரிலேயின் காயிலுக்கு மட்டும் கொடுத்து, இசியுவுக்கான கரண்டை ரிலே வழியாகப் பேட்டரியிலிருந்து எடுங்கள். எர்த்துக்கு இன்ஜின் பிளாக்கிலிருந்து பாடிக்கு 16 சதுர மிமீ ஸ்ட்ராப் ஒன்று, பேட்டரியிலிருந்து பிளாக்குக்கு நேராக இன்னொன்று. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். எர்த் சரியில்லாவிட்டால் ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும், கேபிள் சூடேறி இறுகிக்கொள்ளும். பழைய டைனமோவையும் ரெகுலேட்டர் பெட்டியையும் எடுத்துவிட்டு ஜிப்ஸி ஆல்டர்னேட்டரை 10 சதுர மிமீ ஒயரில் ஃப்யூஸிபிள் லிங்க்கோடு (கரண்ட் மிஞ்சினால் உருகும் ஒயர்த் துண்டு) பேட்டரிக்குக் கொடுங்கள்.

முதல் தடவை சாவி திறந்ததும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், சுஸுகி படிக்கத் தெரிந்த ஸ்கேனரில் மேப் சென்சாரை (இன்டேக் காற்றழுத்தத்தை அளப்பது) பாருங்கள். பெங்களூருவில் சுமார் 90, 91 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். 101 காட்டினால் இசியு தன்னைச் சென்னைக் கடற்கரையில் நிற்பதாக நினைக்கிறது: சென்சார் தவறு, அல்லது அதன் எர்த் தவறு. பெட்ரோல் அதிகம் ஊற்றி பிளக் கறுக்கும்.

பெட்ரோல் பக்கம். பத்மினியின் மெக்கானிக்கல் பம்ப் கொடுத்தது 0.2, 0.3 பார். எம்பிஎஃப்ஐ ரெயிலுக்கு (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) 3 பாருக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டும். பழைய டேங்கைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் செம்மண் மாதிரி துரு படிந்திருக்கும், மூடிக் கழுத்துக்குக் கீழே தகடு உரிந்து தொங்கும். சங்கிலித் துண்டும் டீசலும் போட்டுக் குலுக்கிக் கழுவி, காயவைத்து, உள்ளே டேங்க் சீலர் ஊற்றுங்கள். அதைச் செய்யாமல் பம்ப் மாட்டினால் இன்ஜெக்டர் வலை ஒரே வாரத்தில் அடைக்கும். இன்னொரு விஷயம், இந்த டேங்கில் தடுப்புத் தகடு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. கால் டேங்குக்குக் கீழே வந்ததும் வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். கார்புரேட்டரில் இருந்த சிறு கிண்ணம் அதைச் சமாளித்தது. இன்ஜெக்ஷனில் உடனே குலுக்கும், பம்ப்பும் சீக்கிரம் தேயும். அதற்குத்தான் 1.5 முதல் 2 லிட்டர் ஸ்வர்ல் பாட்: டேங்கிலிருந்து ஒரு சாதாரண பம்ப் அதை நிரப்பும், அதன் அடியிலிருந்து ஹை பிரஷர் பம்ப் இழுக்கும், ரெயிலின் ரிட்டர்ன் திரும்பி அதிலேயே விழும், நிரம்பி வழிவது டேங்குக்குப் போகும். பம்ப்புக்கு முன் 100 மைக்ரான் ஃபில்டர், பின் 10 மைக்ரான். இடம் மாற்றி மாட்டாதீர்கள். நைஸ் ஃபில்டரை உறிஞ்சும் பக்கம் வைத்தால் பம்ப் சிணுங்கிக்கொண்டே சாகும்.

பெட்ரோல் ஹோஸ் எஸ்ஏஇ ஜே30ஆர்9 தரம், திருகு கிளிப் அல்லாமல் முழு வட்டமாக இறுக்கும் இன்ஜெக்ஷன் கிளாம்ப். இப்போது பங்க்கில் வருவது இ20 (20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்). பழைய ரப்பர் அதில் ஊறி மெத்தென்றாகிவிடும். பம்ப் கரண்டைச் சாவியிலிருந்து நேராகக் கொடுக்கும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். இசியு ரிலே வழியாகப் போனால்தான் இன்ஜின் நின்றதும் பம்ப் நிற்கும். விபத்தில் ஹோஸ் பிய்ந்தும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

ரேடியேட்டர்: பத்மினி செம்பு ரேடியேட்டர் குறைந்த அழுத்த மூடிக்குச் செய்தது, ஜிப்ஸி மூடி 0.9 பார். இங்கே திறந்த தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும், 0.9 பார் மூடி அதை 117 வரை தள்ளும். ஆனால் பழைய ஈயப்பற்று அந்த அழுத்தத்தில் பிளக்கும். ஜிப்ஸி ரேடியேட்டரையோ அலுமினியம் ஒன்றையோ போடுங்கள், 12 அங்குல எலெக்ட்ரிக் ஃபேன் முழு ஷ்ரவுடோடு (காற்றை வழிநடத்தும் கூடு), 40 ஆம்பியர் ரிலே வழியாக. ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தனக்கு எதிரே உள்ள வட்டத்தை மட்டுமே குளிர்விக்கும். சில்க் போர்டு சிக்னலில் நின்றால் உடனே தெரியும். ஹீட்டர் பைப்பை அடைக்காமல் வளையமாக இணையுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியைத் திரும்பக் கொண்டு போகாதீர்கள்: இன்ஜின் சூடேறவே இல்லை என்று நினைத்து இசியு சோக் நிலையிலேயே பெட்ரோல் ஊற்றும். மீட்டருக்குத் தனி சென்சார் வையுங்கள். இசியுவின் சென்சார் ஒயரிலேயே கேஜை ஒட்டினால் இரண்டும் பொய் சொல்லும்.

எக்ஸாஸ்ட்டில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஆக்ஸிஜன் சென்சாரும் இருக்க வேண்டும், சென்சார் முனை கீழ்நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும், நீர் தேங்கக் கூடாது. சென்சாருக்கு முன்னால் ஊசித் துளை அளவு கசிந்தாலும் அது காற்றை முகர்ந்து, பெட்ரோல் குறைவு என்று இசியுவிடம் சொல்லும். ஸ்டியரிங் பாக்ஸ், பிரேக் பைப் பக்கம் 50 மிமீ இடைவெளி, முடியாவிட்டால் இரட்டைத் தகட்டுக் கவசம். கிளட்ச் கேபிள் வளைவுகளை அகலமாக விடுங்கள்.

பிரேக்கை விட்டுவிடாதீர்கள். நான்கு டிரம்மும் ஒற்றைச் சர்க்யூட்டும் 40 குதிரைத்திறனுக்கே போதுமா என்பது கேள்வி. குறைந்தபட்சம் டேண்டம் (இரட்டைச் சர்க்யூட்) மாஸ்டர் சிலிண்டரும் முன்பக்க டிஸ்க்கும். 118என்இ-யின் டிஸ்க் செட் பலர் தேடும் வழி. ஹப், ஸ்டப் ஆக்சில், வீல் ரிம் இடைவெளி மூன்றையும் அளந்த பிறகே வாங்குங்கள். பூஸ்டர் வைத்தால் வாக்குவம் ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒன்வே வால்வோடு வர வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும் நாளில் முதலில் இன்ஜெக்டர் கனெக்டர்களையும் இக்னிஷனையும் பிரித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு பம்ப்பை மட்டும் ஓட்டி, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் காய்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். அதன் பிறகே ஸ்டார்ட். ஃபேன் இரண்டு முறை தானாக ஓடி நிற்கும் வரை விட்டு, ஆறிய பிறகு தண்ணீர் மட்டம் இறங்கியிருந்தால் நிரப்புங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது வரும் புகார்களைப் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. உதறல் எந்த கியரில் போனாலும் குறிப்பிட்ட சாலை வேகத்தில்தான் வருகிறதா? ஷாஃப்ட் அல்லது கோணம். வேகம் எதுவானாலும் குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் வருகிறதா? மவுன்ட், அல்லது எங்கோ பாடியைத் தொடும் எக்ஸாஸ்ட் பைப். சிக்னலுக்கு உருண்டு வரும்போது மட்டும் இன்ஜின் அணைகிறதா? இசியுவுக்கு வேக சிக்னல் போகவில்லை, வண்டி நிற்பதாக நினைத்து ஐடிலைச் சரியாகப் பிடிக்கவில்லை. ஹால் சென்சாரை அதற்கும் கொடுங்கள். ஐடில் ஏறி இறங்கி மூச்சு வாங்குகிறதா? வாக்குவம் லீக், பெரும்பாலும் புதிதாகப் போட்ட பிரேக் பூஸ்டர் ஹோஸ். அரை மணி ஓட்டி நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் இழுக்கவில்லையா? எர்த் ஸ்ட்ராப்பைத் தொட்டுப் பாருங்கள், சுடும்.

முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு ஷாஃப்ட் போல்ட், மவுன்ட் போல்ட், எக்ஸாஸ்ட் ஃபிளேஞ்ச் மூன்றையும் மறுபடி இறுக்குங்கள். ஷாஃப்ட்டுக்கு நைலான் நட் புதியது போடுங்கள். 500-இல் ஆயிலை மாற்றுங்கள், பெட்ரோல் ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். அதில் செந்தூள் இருந்தால் டேங்க் வேலை இன்னும் முடியவில்லை.